தொண்ணூற்றொன்பது வரை

எங்கள் கம்ப்யூட்டர் சென்டருக்கு ஏறும் மாடிப்படி பத்தொன்பது என்பது அந்த அக்கா வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அதற்கு முன் இரண்டு வருடமாக அதில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவன் நான். முதல் நாள் மூச்சு வாங்க மேலே வந்தவர், செருப்பை வாசலில் விட்டுவிட்டு, "பத்தொம்பது படி சார். பன்னெண்டாவது ஆடுது, சிமெண்டு வைக்கச் சொல்லுங்க" என்றார். தன் பெயரைச் சொன்னது அதற்கு அப்புறம்தான்.

அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் விரும்பமாட்டார் என்பது ஒரு காரணம். எழுதுகிற தகுதி எனக்கு இல்லை என்பது இன்னொன்று.

தூத்துக்குடியில், கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் ஒரு கடையின் மாடியில் இருந்தது எங்கள் சென்டர். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடித்து உதிரும். கீபோர்டில் வாரத்துக்கு ஒரு எழுத்து வேலைநிறுத்தம் செய்யும். அங்கே சனிக்கிழமை காலையில் பைத்தான் ஆரம்ப வகுப்பு என்னுடையது. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. வீடு நாசரேத்தில். அப்பா, அம்மா இரண்டு பேரும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். பாடம் நடத்துவது என் ரத்தத்திலேயே இருக்கிறது என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். என் ரத்தத்தில் இருந்தது ஒன்று பத்து பஸ். வாரம் முழுக்க தூத்துக்குடி அறையில் கிடந்துவிட்டு, சனிக்கிழமை அந்த பஸ்ஸைப் பிடித்தால்தான் ஆழ்வார்திருநகரி தாண்டி மூன்று மணிக்குள் வீட்டுச் சாப்பாடு.

வகுப்பில் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். நடுவில் நாற்பத்து நாலு வயதில் இவர் ஒருத்தர். மாப்பிள்ளையூரணியில் வீடு, சங்கு குடோனில் வேலை. கடலில் குளித்து எடுத்து வரும் சங்குகளை, துளை போட்ட பலகையில் நுழைத்துப் பார்த்து, பெரிசு சிறிசு பிரித்து, எண்ணி மூட்டை கட்டுகிற வேலை. சங்கு எண்ணும்போது ஒன்று என்று ஆரம்பிக்கமாட்டார்கள். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணுவார்கள். அக்காவுக்கு அது குடோனுக்கு வெளியேயும் பழகிவிட்டது. வகுப்பில் ஜன்னலை எண்ணினாலும் லாபம், ரெண்டு, மூணுதான்.

எதையும் எண்ணாமல் விடமாட்டார். அதைவிடப் பெரிய தொந்தரவு, மற்றவர்கள் எண்ணாமல் சொன்னால் விடமாட்டார். இரண்டாவது வாரம் நான் ஏதோ பேச்சில், "நம்ம கிளாஸ்ல முப்பது பேர் இருக்கோம்" என்றேன். பின்பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"எண்ணிச் சொல்லுதீங்களா சார், சும்மா சொல்லுதீங்களா?"

"சும்மாதான்க்கா."

"இருவத்தேழு."

பிள்ளைகள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு வகுப்பில் யார் எந்த எண்ணைச் சொன்னாலும் நாலு பேர் சேர்ந்து, "எண்ணிச் சொல்லுதியா, சும்மா சொல்லுதியா?" என்று அக்கா குரலில் கேட்பார்கள். அக்காவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் பதில் வரும்வரை காத்திருப்பார்.

கீழே டீக்கடை அண்ணாச்சிக்கும் இந்தக் கதிதான். "அஞ்சு நிமிசத்துல டீ மேல வரும்" என்பார் அவர். அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவரைப் பார்ப்பார். ஒரு மாதத்தில் அண்ணாச்சி பழகிவிட்டார். "எண்ணலம்மா, சும்மாதான் சொன்னேன். பத்து ஆவும்" என்று தானாகவே ஒப்புக்கொள்வார்.

எனக்கு இது முதலில் எரிச்சலாக இருந்தது என்பதை மறைக்க வேண்டாம். பாடம் நடத்துகிறவனுக்கு ஒரு ஓட்டம் வேண்டும். இவர் ஒவ்வொரு வாக்கியத்திலும் கையை நீட்டி நிறுத்துவார். பிறகு ஒரு நாள் கரண்ட் போனது. ஜெனரேட்டர் வரும்வரை எல்லோரும் மொட்டைமாடிக்குப் போய்விட, அக்கா மட்டும் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, நான் கேட்காமலே அந்தக் கதையைச் சொன்னார்.

அவர் கணவர் சங்கு குளிக்கிறவர். வள்ளம் என்று அவர்கள் சொல்லும் படகில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து காற்று வரும் டியூபை வாயில் கவ்விக்கொண்டு எட்டு பாகம், பத்து பாகம் ஆழத்தில் இறங்கி, தரையில் நடந்து சங்கு பொறுக்குவார்கள். இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ, அவ்வளவு ஒரு பாகம். ஆழத்தில் ரொம்ப நேரம் இருந்துவிட்டு ஏறினால் மேலே வந்த பிறகு உடம்பு முறுக்கும், கை கால் விழுந்துபோகும். ஒரு நாள் அவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

"ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டாரு, எத்தனை நிமிசம் கீழ இருந்தாருன்னு. வள்ளத்துல இருந்தவன் மூணு பேரையும் கூப்பிட்டுக் கேட்டேன் சார். ஒருத்தன் அரைமணி நேரம்னான். ஒருத்தன் ஒரு மணி நேரம் இருக்கும்னான். இன்னொருத்தன், ரெண்டு பீடி குடிச்சேங்கான். எண்ணிச் சொல்லுதியா சும்மா சொல்லுதியாலேன்னு கேட்டேன். மூணு பேரும் தலையக் குனிஞ்சுக்கிட்டானுவ. கீழ ஒரு உசுரு கெடக்கு, மேல ஒருத்தனும் எண்ணல சார்."

கணவருக்கு இடதுகால் பாதி திரும்பி வந்தது. வலதுகால் வரவில்லை. டாக்டர் ஒரு சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார்: எட்டு பாகம் என்றால் எண்பது நிமிடம், ஒன்பது பாகம் அறுபது, பத்து பாகம் ஐம்பது. அதற்கு மேல் இருக்கக்கூடாது. அக்கா அந்தச் சீட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு பையிலேயே வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார்.

இப்போது கடலில் இறங்குவது அக்காவின் தம்பி. அம்மா செத்தபோது அவனுக்கு மூன்று வயது, அக்காதான் வளர்த்தது. கணவர் அதே வள்ளத்தில் உட்கார்ந்து கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்கிறார்.

"சீட்ட அவன்கிட்டக் காமிச்சேன். காயிதத்தக் கடல்ல கொண்டு போனா நனைஞ்சிரும்க்காங்கான். இவுகளும் சிரிக்காக. ஆனா போன்ல என்ன வந்தாலும் ரெண்டு பேரும் நம்புவாங்க சார். மழை வரும்னு போன் சொன்னா வானத்தக்கூடப் பாக்கமாட்டாங்க. அதான் வந்தேன். ஆழத்த அடிச்சு, நிமிசத்த அடிச்சா, இரு இல்லன்னா ஏத்துன்னு போன் சொல்லணும். அது ஒண்ணு போதும் எனக்கு. அவன் காலோட இருக்கணும்."

கரண்ட் வந்தது. பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். அன்றைக்குப் பிறகு அவர் கேள்வி எனக்கு எரிச்சலாக இல்லை. இதையும் சொல்ல வேண்டும்: அந்தப் பிரியம் என் அவசரத்தைக் கொஞ்சமும் குறைக்கவில்லை.

நாலாவது வாரம் நடத்தியது இன்புட். கம்ப்யூட்டர் நம்மிடம் ஒன்றைக் கேட்டு வாங்கும்போது அதை எழுத்தாகத்தான் வாங்கிக்கொள்ளும். இருபத்தைந்து என்று அடித்தால், அதற்கு அது அடுத்தடுத்து நிற்கிற இரண்டு எழுத்து, அவ்வளவுதான். எண்ணாக மாற்று என்று நாம் தனியாகச் சொல்ல வேண்டும். இன்ட் என்று மூன்று எழுத்தும் ஒரு ஜோடி அடைப்புக்குறியும் போட்டால் முடிந்தது. சொல்லிக் கொடுக்க ஒரு நிமிடம் போதும்.

அந்த ஒரு நிமிடத்தை நான் அன்றைக்குக் கொடுக்கவில்லை. எனக்கு ஒரு வாத்தியார் வித்தை இருந்தது. திரையில் இருபத்தைந்தையும் முப்பதையும் கொடுத்துக் கூட்டச் சொன்னேன். ஐம்பத்தைந்து வரவில்லை. இரண்டாயிரத்து ஐந்நூற்று முப்பது வந்தது. வகுப்பு கைதட்டிச் சிரித்தது.

அக்கா சிரிக்கவில்லை. திரைக்குக் கிட்டே வந்து பார்த்தார். "இது கூட்டல சார். ஒட்டி வச்சிருக்கு. ஏன்?"

"அடுத்த வாரம் சொல்லுதேன்."

"இப்பவே சொல்லுங்களேன்."

"சஸ்பென்ஸ்க்கா. அடுத்த வாரம் வந்தாத்தான் தெரியும்."

வகுப்பு முடிந்து நான் பையைத் தோளில் மாட்டியபோது அவர் போனை நீட்டினார். அதில் ஒரு பைத்தான் செயலியை இறக்கி, முழு ப்ரோகிராமையும் தானே எழுதியிருந்தார். ஆழம் கேட்கும், நிமிடம் கேட்கும், சீட்டில் உள்ள அளவோடு ஒப்பிடும். ஓடவிட்டால் சிவப்பில் பிழை காட்டியது. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட முடியாது என்று அது முரண்டு பிடித்தது. முரண்டு பிடித்தது சரிதான். மணி ஒன்று.

"அந்த எண்பது, அறுபது, ஐம்பது எல்லாத்துக்கும் ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போடுங்கக்கா. ஓடிரும்" என்றேன்.

போட்டார். ஓடியது. எழுத்தும் எழுத்தும் ஆகிவிட்டதால் கம்ப்யூட்டர் சண்டையை விட்டுவிட்டது. அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் ரசித்துக்கொண்டே படி இறங்கினேன்.

புதன்கிழமை மத்தியானம் போன் வந்தது. வாயில் பரோட்டாவோடு எடுத்தேன்.

"சார், ஒரு தப்பு இருக்கு. எட்டு பாகத்துக்கு ஒம்பது நிமிசம் அடிச்சா ஏத்துங்குது. பத்து அடிச்சா இருங்குது. ஒம்பது பாகத்துக்கு ஏழு, எட்டு, ஒம்பது மூணும் தப்பு. பத்து பாகத்துக்கு ஆறுலேருந்து ஒம்பது வரைக்கும் தப்பு."

இரண்டு வருடமாகப் பாடம் நடத்துகிற நான் ஒருமுறைகூட யோசிக்காததை அவர் ஒவ்வொரு எண்ணாக அடித்துப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தார். எனக்குக் காரணம் உடனே புரிந்தது. எழுத்தாக ஒப்பிட்டால் கம்ப்யூட்டர் முதல் எழுத்தைத்தான் முதலில் பார்க்கும். ஒன்பதையும் எண்பதையும் வைத்தால், எட்டைவிட ஒன்பது பெரியது என்று அதோடு முடித்துக்கொள்ளும். இதைப் போனில் விளக்க வேண்டும், இன்ட் எங்கே போட வேண்டும், மேற்கோளை எங்கே எடுக்க வேண்டும் என்றெல்லாம் சொல்ல வேண்டும். சால்னா ஆறிக்கொண்டிருந்தது. எப்படியும் சனிக்கிழமை அதுதானே பாடம்.

"ஒத்தை இலக்கம் வந்தா முன்னால ஒரு பூஜ்ஜியம் போட்டு அடிங்கக்கா. ஒம்பதுக்கு, பூஜ்ஜியம் ஒம்பது. சரியாயிரும்."

"எண்ணிச் சொல்லுதீங்களா சார்?"

"எண்ணித்தான் சொல்லுதேன்" என்றேன், விரலை நக்கிக்கொண்டு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குரல் செய்தி அனுப்பினார். இன்னும் என்னிடம் இருக்கிறது. "சார், மூணு ஆழத்துக்கும் லாபத்துலேருந்து தொண்ணூத்தொம்பது வரைக்கும் ஒண்ணு விடாம அடிச்சுப் பாத்துட்டேன். நோட்டுல டிக் போட்டு வச்சிருக்கேன். எல்லாம் சரியா வருது. அதுக்கு மேல பாக்க வேண்டாம்லா சார்? எம்பது ஆனதும் ஏத்துன்னு சொல்லிரும், ஏத்திருவாங்க. நூறுக்கு யாரு போவா? இந்தப் போன நாளைக்கு வள்ளத்துல குடுத்து விடுதேன்."

நான் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினேன்.

சனிக்கிழமை அக்கா வரவில்லை. சேர்ந்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. குடோனில் லோடு வந்திருக்கும் என்று பிள்ளைகள் சொன்னார்கள். நான் கரும்பலகையில் இன்ட் என்று எழுதி, போன வாரத்து சஸ்பென்ஸை உடைத்தேன். இருபத்தைந்தும் முப்பதும் ஐம்பத்தைந்து ஆனது. எல்லோருக்கும் சந்தோஷம். அப்போது முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி கேட்டாள்: "சார், கூட்டலுக்கு மட்டுந்தானா? பெருசு சின்னது பாத்தாலும் தப்பா வருமா?"

"வரும். பாரு" என்று, யோசிக்காமல் கைக்கு வந்ததை அடித்தேன். நூறு என்பதை மேற்கோளுக்குள் போட்டேன். எண்பது என்பதை மேற்கோளுக்குள் போட்டேன். நூறு சின்னதா என்று கேட்டேன்.

ஆமாம் என்றது.

வகுப்பு சிரித்தது. எனக்கு அக்காவின் போன் நினைவுக்கு வந்தது; எண்பது அதிலும் மேற்கோளுக்குள்தான். மணி பதினொன்று ஐம்பது. வராந்தாவுக்கு வந்து அக்காவைக் கூப்பிட்டேன். நீங்கள் அழைக்கும் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது என்று ஒரு பெண் குரல் சொன்னது. ஆமாம், அந்தப் போன்தான் கடலில் இருக்கிறதே.

பத்து நிமிட நடையில் சங்கு குடோன். நான் போகவில்லை. நூறுக்கு யார் போவார்கள் என்று அக்கா சொன்னதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எண்பதில் ஏற்றிவிடுவார்கள். திங்கட்கிழமை பார்த்துச் சரிசெய்து கொடுத்துவிடலாம். பாதியில் விட்ட பாடத்தை முடித்தேன், வருகைப் பதிவில் அக்காவுக்கு மட்டும் குறுக்கே கோடு போட்டேன், ஒன்று பத்து பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது.

அக்காவின் தம்பி ஆஸ்பத்திரியில் கிடப்பதைத் திங்கட்கிழமை டீக்கடை அண்ணாச்சிதான் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வார்டுக்கு வெளியே சுவரில் சாய்ந்து, கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு அக்காவின் கணவர் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று தெரிந்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். நான் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"எட்டு பாகம் சார். பதினோரு மணிக்கு எறங்குனான். நாப்பது நிமிசத்துல அடிச்சுப் பாத்தேன், இருன்னுச்சு. அப்புறம் பக்கத்து வள்ளத்து நங்கூரக் கயிறு நம்ம டியூபுல சிக்கிக்கிட்டு. அத எடுத்து விடுததுக்குள்ள நேரம் போயிருச்சு. நூத்தி அஞ்சுல அடிச்சேன். இருன்னுச்சு. எனக்கு மனசு கேக்கல. நம்ம உடம்பு பட்டதுலா. திருப்பி ஒருக்கா அடிச்சேன். அப்பவும் இருன்னுச்சு. டியூப இழுத்துச் சிக்னல் குடுக்கக் கை போச்சு சார். ஆனா அவ அத்தன நாளு ஒக்காந்து எண்ணிப் போட்டது. அது சொல்லுதப்ப நாம என்னத்த, ன்னு விட்டுட்டேன். நூத்தி இருவதுலயும் அடிச்சேன்."

"எப்ப ஏறினான்?"

"நூத்தி நாப்பது. பை நெறஞ்சு அவனா ஏறி வந்தான்."

உள்ளே அக்கா தம்பியின் கால்மாட்டில் நின்று, பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவனுக்கு அது தெரியவில்லை. இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தான். அக்கா என்னைப் பார்த்து, "டாக்டர் எத்தனை நிமிசம்னு கேட்டாரு சார். நூத்தி நாப்பதுன்னு இவுக டக்குன்னு சொல்லிட்டாக" என்றார். நான் வெளியே வந்துவிட்டேன். குடோன்காரர் ஒருவர் வாசலில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. வள்ளங்களோடு பேசுகிற வயர்லெஸ் ஒன்று குடோனிலேயே இருக்கிறதாம்.

அன்று அறைக்குத் திரும்பும் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து நான் ஒரு கணக்குப் போட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போட்டுவிட்டேன், விடை மாறவில்லை. தம்பி இறங்கியது பதினொரு மணிக்கு. எனக்குத் தெரிந்தது பதினொன்று ஐம்பதுக்கு. நடந்திருந்தால் பன்னிரண்டு மணிக்குக் குடோனில் நின்றிருப்பேன். அப்போது கீழே அறுபது நிமிடம் ஆகியிருக்கும். இன்னும் இருபது நிமிடம் கையில் இருந்தது. நான் பஸ் ஏறியது ஒன்று பத்து. அவன் கடலிலிருந்து ஏறியது ஒன்று இருபது. இது எண்ணிச் சொல்வது.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து பிள்ளைகள் இறங்கிப்போன பிறகு அக்கா மாடிக்கு வந்தார். மெலிந்திருந்தார். தம்பியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்களாம். கால் வராது என்று சொல்லிவிட்டார்களாம். கணவர் வெளியே திண்டில் உட்கார்ந்திருக்க, தம்பி உள்ளே படுத்திருக்க, ஒரு வீட்டில் நாலு காலுக்கு அரைக்கால்தான் மிச்சம் என்று, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு பையிலிருந்து அந்த நோட்டை எடுத்தார். பக்கம் பக்கமாக டிக். ஒவ்வொரு ஆழத்துக்கும் தொண்ணூற்றொன்பது.

"நான் தொண்ணூத்தொம்பதோட நிப்பாட்டிட்டேன் சார். நூறு ஒண்ணு அடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். எல்லாரையும் எண்ணலியான்னு கேட்டேன். நான் எண்ணல."

சொல்ல வேண்டிய இடம் அதுதான். மேற்கோள் போடச் சொன்னது நான், பூஜ்ஜியம் போடச் சொன்னது நான், தெரிந்த பிறகும் பஸ் ஏறியது நான். நாக்கு நுனி வரை வந்தது. அவருடைய கண்ணைப் பார்த்தேன்.

"உங்க தப்பு இல்லக்கா" என்றேன். "அந்த ஆப்ல ஒரு கோளாறு இருந்திருக்கு. சில போன்ல அப்படி வரும்."

"எண்ணிச் சொல்லுதீங்களா சார், சும்மா சொல்லுதீங்களா?"

"எண்ணித்தான் சொல்லுதேன்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். நம்பினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. போனை நீட்டி, "கோளாற எடுத்துக் குடுங்க" என்றார்.

மேற்கோள்களை எடுத்தேன். இன்ட் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் போனை வாங்கிக்கொண்டு ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார்.

"நூறு" என்று சொல்லி அடித்தார். ஏத்து என்றது. டிக் போட்டார். "நூத்தி ஒண்ணு." டிக். இந்தத் தடவை லாபம் சொல்லி ஆரம்பிக்கவில்லை.

"இனிமே எதுக்குக்கா இது?" என்றேன். "இறங்க யாரு இருக்கா?"

"விட்ட எடத்துலேருந்து எண்ணணும்லா சார்."

நூற்று ஐந்தை இரண்டு தடவை அடித்தார். நூற்று இருபதில் கொஞ்சம் நின்றார். நூற்று நாற்பது வந்தபோது அடித்துவிட்டு, போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஏத்து என்று இருந்தது.

"இப்ப சொல்லுது" என்றார்.

அவர் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். மணி ஒன்று.

"இன்னும் நாப்பது இருக்கு சார். கம்ப்ரசர் டீசல் மூணு மணி நேரந்தான் தாங்கும், நூத்தி எம்பது வரைக்கும் பாத்துட்டு, சாவிய அண்ணாச்சிகிட்டக் குடுத்துட்டுப் போறேன். நீங்க கெளம்புங்க. பஸ் போயிரும்."

நான் கிளம்பினேன்.